நான்காம் நம்பர் காற்று

மிளகாய் வற்றல் மூட்டை ஏற்றி ஏற்றி நாசமாக்கிய காரை, ஏசி கார் என்று சொல்லி நிச்சயதார்த்தத்துக்கு வாடகைக்கு விட்டவர் சாமித்துரை. செய்தது அவர், அடி வாங்கியது நான். இதை முதல் வரியாக எழுதச் சொன்னேன். பெயர், வயது, முகவரிதான் முதலில் வரும் என்று தலைமைக் காவலர் முத்துமணி சொன்னார். இது முதலில் வராவிட்டால் மேற்கொண்டு நான் பேசப் போவதில்லை என்றேன். எழுதிக்கொண்டார். அதன் பின் என் பெயரைக் கேட்டார்.

என் பெயர் மணிராஜ். வயது 26. தகப்பனார் பெயர் மாடக்கண்ணு, உயிருடன் இல்லை. தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் தாலுகா, புதூர், கீழத்தெருவில் என் தாயார் சுந்தரேஸ்வரியுடன் குடியிருந்து வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துள்ளேன். கார் ஓட்டும் உரிமம் வைத்துள்ளேன். என் மீது இதற்கு முன் எந்தக் காவல் நிலையத்திலும் வழக்கு இல்லை. வெளிநாட்டில் ஓட்டுநர் வேலைக்குப் போவதற்காகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துள்ளேன். அது போலீஸ் விசாரணைக்காக நிற்கிறது. இன்றானாலும் பின்னாலானாலும் என் பெயரில் ஒரு வழிப்பறி வழக்குப் பதிவானால் பாஸ்போர்ட் வராது. ஆகையால் நடந்ததை விடாமல் சொல்கிறேன்.

புதூரில் வற்றல் வியாபாரம் செய்யும் சாமித்துரையிடம் நான் கார் ஓட்டி வருகிறேன். அவருக்கு ஊருக்கு வெளியே சொந்தமாக வற்றல் காயப் போடும் களமும் மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கியும் உள்ளன. கார் பழைய டீசல் கார். கல்யாணம், ஆஸ்பத்திரி, கோவில் என்று வாடகைக்கு ஓடும். வற்றல் சீசன் வந்தால் பின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதே காரில் மூட்டை ஏற்றுவார்கள். மினி லாரி பிடிக்கலாம் என்று நான் சொன்னதற்கு, கார் சும்மாதானே நிற்கிறது என்றார். ஆள் ஏற்றும் நாளில் சீட்டை மாட்டி, ஊதுபத்தி கொளுத்தி வைப்பேன். சீட்டுக்கு அடியிலும் மிதியடிக்கு அடியிலும் வற்றல் காம்பும் விதையும் எப்போதும் கிடக்கும்.

மேற்படி காரில் ஏசி வேலை செய்யாமல் நெடுநாளாயிற்று. கரிசல் புழுதிக்குக் கண்ணாடியை ஏற்றினால் உள்ளே வேகும், இறக்கினால் வாயில் மண் விழும். வாடகைக்கு வந்தவர்கள் என்னைத் திட்டுவார்கள். முதலாளியைப் பார்த்தால் சிரிப்பார்கள். ஒர்க்‌ஷாப்பில் விடச் சொல்லி நான் பலமுறை கேட்டதற்கு சாமித்துரை சொன்னது இது: "ஏசியில உக்காந்து ஓட்டுன ஒடம்பாலே ஒனக்கு? கண்ணாடிய எறக்குனா காத்து சும்மால்லா வருது."

இவ்வாறு இருக்க, சென்ற வாரம் புதூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜேம்ஸ்ராஜ் என்பவர், தன் மகன் பிரின்ஸ்டனின் நிச்சயதார்த்தத்துக்குக் கோவில்பட்டி போக வேண்டும் என்றும், மாப்பிள்ளையும் உறவினர்களும் வேனில் முன்னால் போய்விடுவார்கள் என்றும், தானும் தன் மனைவி ஸ்டெல்லாமேரியும் மட்டும் போக ஏசி கார் வேண்டும் என்றும் சாமித்துரையிடம் கேட்டார். நம்ம கார் ஏசி கார்தான் என்று சாமித்துரை என் எதிரிலேயே சொன்னார். ஜேம்ஸ்ராஜ் போன பின், வியாழக்கிழமைக்குள் ஏசி குளிரவில்லை என்றால் வெள்ளிக்கிழமை நான் வேலைக்கு வர வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். ஒர்க்‌ஷாப்பில் விடட்டுமா என்று கேட்டதற்கு, நீதான் எப்போதும் செல்போனில் கார் ரிப்பேர் வீடியோ பார்க்கிறாயே, நீயே பார் என்றார்.

நானே பார்த்தேன்.

முதலில் முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி வலையைப் பார்த்தேன். கரிசல் மண்ணும் பருத்திப் பஞ்சும் சேர்ந்து சாணி மெழுகியதுபோல் அடைத்திருந்தது. அதைத் தண்ணீர் விட்டு ஊற வைத்து, வலை மடங்காமல் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினேன். அதன் பின் வலைக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் சுற்றவில்லை என்று கண்டு, ஃபியூஸ் போயிருந்ததை மாற்றினேன். ஃபேன் சுற்றியது, ஆனால் கம்ப்ரசர் இழுக்கவில்லை. அதன் பின் பைப் இணைப்புகளில் எல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்ததில், ஒரு இணைப்பில் மட்டும் சின்னச் சின்னக் குமிழி வந்து உடைந்தது. அவ்விடத்தில் எண்ணெய்க் கறையும் இருந்தது. கேஸ் கசிகிறது என்று தெரிந்துகொண்டேன்.

அதன் பின் காரைக் கோவில்பட்டிக்கு எடுத்துச் சென்று, ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கும் எபநேசர் என்பவரைப் பார்த்தேன். அவர் எனக்குப் பள்ளிக்கூடத்தில் மூத்தவர். மிச்சமிருந்த கேஸை அவரே மெஷின் வைத்து எடுத்தார். இணைப்பைக் கழற்றியதில் உள்ளே இருந்த ரப்பர் வளையம் நசுங்கித் தட்டையாக இருந்தது. புதிது போட்டேன். பம்ப் வைத்துப் பைப்பில் இருந்த காற்றை முழுவதும் உறிஞ்சிவிட்டு, மீட்டரைப் பார்த்துக் கேஸ் ஏற்றினேன். எபநேசர் பக்கத்தில் நின்றுகொண்டார். "மத்ததெல்லாம் ஓங் கை, கேஸு மட்டும் எங் கண்ணு முன்னால" என்றார். கம்ப்ரசர் டக்கென்று இழுத்தது. காருக்கு அடியில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. நான் தரையில் படுத்து அந்தத் தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

குளிர்ச்சி வந்ததே தவிர, காற்றின் வேகம் போதவில்லை. ஃபில்டர் அடைத்திருக்கும் என்று எபநேசர் சொன்னார். அன்று அவர் கடையிலும் பக்கத்துக் கடைகளிலும் அந்தக் காருக்குப் புதிய ஃபில்டர் இல்லை. ஆகையால் புதூர் திரும்பி வந்து, இடது சீட்டுக்கு எதிரே இருக்கும் டப்பாவைக் கழற்றி, அதற்குப் பின்னால் சொருகியிருந்த ஃபில்டரை உருவினேன். அது மடிப்பு மடிப்பாக இருக்கும் துணி அட்டை. வெள்ளையாக இருக்க வேண்டியது. செங்கல் நிறத்தில் இருந்தது. மடிப்புகளில் வற்றல் விதையும் தோலும் அப்பியிருந்தன. உருவும்போது கொஞ்சம் உள்ளே காற்றை ஊதும் ஃபேன் பக்கமும் கொட்டியது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஃபில்டரை மட்டும் நன்றாகக் கழுவி, வெயில் சுள்ளென்று விழும் இடம் என்று பார்த்து, சாமித்துரையின் வற்றல் களத்தில் ஒரு ஓரமாகக் காய வைத்தேன்.

இது என் தவறு. வேறு ஊர்க்காரன் என்றால் செய்திருக்க மாட்டான். எங்கள் ஊரில் துணி, வடகம், வெங்காயம், பிள்ளைகளின் பாடப் புத்தகம் என்று நனைந்தது எதுவானாலும் களத்தில்தான் காய வைப்போம். வற்றல் நெடி எங்களுக்கு நெடியாகவே தெரியாது.

அப்போது களத்தில் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்த வள்ளித்தாய் என்பவர், அது என்ன கிழிந்த கொசுவலையா என்று கேட்டார். காருக்கு மூக்கு அத்தை என்றேன்.

"மூக்கா? அப்ப இங்கன வச்சா அதுக்கும் தும்மல் வரும்லா" என்றார்.

நாங்கள் இருவரும் சிரித்தோம். அவர் கிளறுவதை நிறுத்தவில்லை. நானும் ஃபில்டரை எடுக்கவில்லை. சாயங்காலம் காய்ந்த பின் எடுத்து, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மாட்டினேன். காற்றின் வேகத்தை ஒன்றாம் நம்பரில் வைத்துப் பார்த்தேன், மெல்லிதாகக் குளிர்ந்த காற்று வந்தது. எனக்கு ஒரு தும்மல் கூட வரவில்லை. சாமித்துரை வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஜேம்ஸ்ராஜையும் ஸ்டெல்லாமேரியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அந்த அம்மாள் மடியில் நிச்சயதார்த்த நகைகள் உள்ள பையை வைத்திருந்தார். காலை நேரமானதால் ஏசி ஒன்றிலேயே ஓடியது. எட்டயபுரம் தாண்டிய பின் வெயில் ஏறியது. ஜேம்ஸ்ராஜுக்குப் பட்டுச் சட்டையில் வேர்வை பிடித்தது. "தம்பி, ஏசி வண்டின்னு சொல்லித்தான பிடிச்சிருக்கு, நாலுல வைங்க" என்றார். நான் நான்காம் நம்பரில் வைத்தேன்.

எல்லாத் துவாரத்திலிருந்தும் சிவப்பாகப் புகை மாதிரி வந்தது. இருவரும் கண்ணைப் பொத்திக்கொண்டு இருமினார்கள். ஜேம்ஸ்ராஜ் கேஸ் வெடித்துவிட்டது என்று கத்தினார். நான் காரை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, கதவுகளைத் திறந்து இருவரையும் கைபிடித்து இறக்கி, வேப்பமரத்து அடியில் உட்கார வைத்தேன். எனக்கும் கண் எரிந்தது, ஆனால் திறக்க முடிந்தது. காரில் இருந்த தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தது. சிறிது தூரத்தில் காட்டுக்குள் ஆடுகளுக்குத் தண்ணீர் விட்டு வைக்கும் தொட்டியும் குழாயும் தெரிந்தன. டிக்கியில் இருந்த கேனை எடுத்தேன். அந்த அம்மாளின் நகைப்பை தார்ச்சாலை ஓரத்தில் விழுந்து கிடந்தது. லாரியும் பைக்கும் போய்க்கொண்டிருந்தன. கண் தெரியாத இருவர் பக்கத்தில் அதை வைத்துவிட்டுப் போக எனக்குப் பயமாக இருந்தது. பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கேனைக் கையில் பிடித்துக்கொண்டு, தொட்டியை நோக்கி ஓடினேன். தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஓடினேன். இருமலில் அவர்கள் காதில் விழவில்லை போலும்.

பைக்கில் வந்த சிலர் நின்று பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு தரையில் கிடக்க, ஒருவன் பையோடு காட்டுக்குள் ஓடுகிறான். "பொடியத் தூவிட்டு ஓடுதாம் பாரு" என்று ஒருவர் கத்தியதை நான் கேட்டேன். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்து நானும் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் என்னைப் பிடித்துவிட்டார்கள். அப்போது நான் குழாயில் பிடித்துக்கொண்டிருந்த கேன் பாதி நிறைந்திருந்தது. கன்னத்திலும் முதுகிலும் அடித்தார்கள். கொள்ளையடிக்கிறவன் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுவானா என்று கேட்டேன். என்னை அடித்த அதே ஆட்கள் அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு போய், அந்தத் தண்ணீரில் ஜேம்ஸ்ராஜுக்கும் ஸ்டெல்லாமேரிக்கும் கண் கழுவிவிட்டார்கள். கண் திறந்ததும் ஜேம்ஸ்ராஜ் என்னைப் பார்த்து, "ஏலே, ஒன்ன நம்பித்தானல வந்தோம்" என்றார். அதுவரை நான் தம்பி.

அதன் பின் இந்த நிலையத்து உதவி ஆய்வாளரும் காவலர்களும் வந்து என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். உதவி ஆய்வாளர் அவர்கள் என் பெயரைக் கேட்பதற்கு முன்பு எந்தத் தெரு என்று கேட்டார். கீழத்தெரு என்றேன். அவர் பக்கத்தில் இருந்த காவலரைப் பார்த்தார். அத்துடன் விசாரணை முடிந்ததுபோல் இருந்தது. ஜீப் போகும் வழியில் எனக்கு வள்ளித்தாய் சொன்னது ஞாபகம் வந்தது. ஃபில்டரைக் களத்தில் காய வைத்ததைச் சொன்னேன். நல்லாக் கதை கட்டுகிறான் என்று சிரித்தார்கள்.

அதன் பின் என் வீட்டைச் சோதனையிட வேண்டும் என்று புதூருக்கு ஜீப்பை விட்டார்கள். கீழத்தெரு முனையிலிருந்து என் வீடு வரை என்னை நடத்திச் சென்றார்கள். ஒரு காவலர் என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். தெரு முழுவதும் வாசலில் நின்றது. என் தாயார் அடுப்பில் உலை வைத்திருந்தார். அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, அடுப்படியில் இருந்த மிளகாய்ப்பொடி டப்பாவைக் கைப்பற்றினார்கள். வற்றல் விளையும் ஊரில் ஒரு வீட்டு அடுப்படியில் மிளகாய்ப்பொடி இருந்தது சாட்சியம் ஆயிற்று. என் தாயார் அழவில்லை. அது இல்லாமல் நான் எப்படிக் குழம்பு வைப்பேன் என்று மட்டும் காவலரிடம் கேட்டார்.

அதன் பின் என்னை இந்த நிலையத்துக்குக் கொண்டு வந்து தரையில் உட்கார வைத்தார்கள். காரைக் காவலர் ஒருவர் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டி வந்து முற்றத்தில் நிறுத்தியிருந்தார். ஜேம்ஸ்ராஜும் ஸ்டெல்லாமேரியும் புகார் எழுத வந்திருந்தார்கள். அந்நேரம் கரண்ட் போயிற்று. உள்ளே உட்கார முடியவில்லை. உதவி ஆய்வாளர் அவர்கள், காரிலேயே உட்கார்ந்து எழுதிவிடலாம், ஏசி இருக்கிறதே என்று சொல்லி முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் தரையிலிருந்து எழுந்துவிட்டேன்.

"சார், அதப் போடாதீய. போட்டாலும் நாலுல போடாதீய" என்றேன்.

"ஏம்ல, உள்ள என்ன ஒளிச்சு வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு, தன் கையாலேயே நான்காம் நம்பரில் வைத்தார்.

அதன் பின் சிறிது நேரம் இந்த நிலையத்தில் அலுவல் எதுவும் நடைபெறவில்லை. உதவி ஆய்வாளர் அவர்கள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, முற்றத்துக் குழாய் வரை வழி தெரியாமல் நடந்தார். எழுதுவதற்காகப் பின் சீட்டில் இருந்த காவலரும் தும்மினார். உதவி ஆய்வாளர் அவர்கள் தும்மியதையும் எழுத வேண்டுமா என்று தலைமைக் காவலர் முத்துமணி இப்போது கேட்கிறார். எழுத வேண்டும் என்கிறேன். நான் கையைத் தூக்கிக்கொண்டு காரிலிருந்து தள்ளி நின்றேன். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

முகம் கழுவி வந்த பின் உதவி ஆய்வாளர் அவர்கள் என்னை அடிக்கவில்லை. கழற்றிக் காட்டு என்றார். நான் காரில் இருந்த டப்பாவைக் கழற்றி, ஃபில்டரை உருவி, செய்தித்தாள் விரித்து மேசை மேல் வைத்தேன். மடிப்புகளிலிருந்து வற்றல் விதையும் உடைந்த தோலும் தூளும் உதிர்ந்தன. என் வீட்டு டப்பாவையும் திறந்து பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அது மில்லில் மல்லியும் சேர்த்து அரைத்த குழம்புப் பொடி. விதை என்று ஒன்று கூட இல்லை. ஸ்டெல்லாமேரி இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். அரைத்த பொடிக்கும் அரைக்காததற்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அவர் தன் கணவரிடம், "கேனுல தண்ணி இருந்துச்சுல்லா. அதுலதான நம்ம கண்ணு கழுவுனோம். எனக்கு அப்பவே தெரிஞ்சது, வாயத் தொறக்கல" என்றார். அதன் பின் நகைப்பையை எடுத்துப் பார்த்தார்கள். கட்டிய கயிறு கட்டியபடி இருந்தது.

பிறகு வரவழைக்கப்பட்ட சாமித்துரை, ஏசியை ரிப்பேர் பார்க்கும்படி தான் என்னிடம் சொல்லவே இல்லை என்றும், காரில் வற்றல் ஏற்றியதே இல்லை என்றும் கூறினார். நான் பின் சீட்டின் மிதியடியைத் தூக்கிக் காட்டினேன். அதன் பின் ஒரே ஒரு தடவை ஏற்றியதாகக் கூறினார். அவருக்கு நாற்காலி போடப்பட்டது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜேம்ஸ்ராஜ் புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நிச்சயதார்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று வேறு கார் பிடித்துப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "வாரேன் தம்பி" என்றார். மறுபடியும் தம்பி. வழக்குப் பதிவு இல்லை என்று உதவி ஆய்வாளர் அவர்கள் சொன்னார். என் பாஸ்போர்ட் என்ன ஆகும் என்று கேட்டேன். பாஸ்போர்ட் விசாரணைக்கும் இது குறுக்கே வராது என்றார். அப்போதுதான் எனக்குத் தாகம் எடுத்தது. முத்துமணி அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். குடிக்கும்போது தும்மல் வந்தது. இன்று எனக்கு வந்த முதல் தும்மல். முத்துமணியும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

ஃபில்டரை எடுத்துவிட்டு, உள்ளே ஃபேனையும் துடைத்து, கதவுகளைத் திறந்து வைத்து உதவி ஆய்வாளர் அவர்கள் முன்னிலையில் மீண்டும் ஏசியை ஓட விட்டேன். நான்காம் நம்பரில் நல்ல காற்று, நன்றாகக் குளிர்கிறது. இதை எழுதும் இந்நேரமும் முற்றத்தில் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது. ஸ்டேஷன் நாய் அதில் படுத்திருக்கிறது. நான் பார்த்த ரிப்பேரில் குறை இல்லை என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். இனி இந்தக் காரை நான் ஓட்டப் போவதில்லை.

மேலே உள்ளதைத் தலைமைக் காவலர் எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. மிளகாய்ப்பொடி டப்பாவைத் திருப்பிப் பெற்றுக்கொண்டேன். என்னைப் பஸ்ஸில் போகச் சொல்கிறார்கள். நான் பஸ்ஸில் போக மாட்டேன். என்னைக் காலரைப் பிடித்துக் கூட்டி வந்த அதே ஜீப்பில், அதே காவலர், வெளிச்சம் இருக்கும்போதே கீழத்தெரு முனையில் என்னை இறக்கிவிட்டு, என் வீட்டு வாசல் வரை கூட நடந்து வந்து, இந்த டப்பாவை என் தாயார் கையில் கொடுக்க வேண்டும். தெரு பார்க்க வேண்டும். ஜீப் எப்போது கிளம்பும் என்று கேட்டேன். உதவி ஆய்வாளர் அவர்கள் பதில் எழுதுவதற்காக இதற்குக் கீழே இரண்டு வரி இடம் விடச் சொன்னேன். விட்டிருக்கிறார்கள்.

……………………………………

……………………………………

(ஒப்பம்) மா. மணிராஜ்